டி1-ஆ, டி2-ஆ: இரைப்பைப் புற்றுநோய் அறுவையில் எதுவரை எடுப்பது?

இரைப்பையில் புற்றுநோய் என்றதும் வீட்டார் பதறிப்போய்க் கேட்பது, "வயிற்றை முழுசா எடுத்துடுவாங்களா?" என்றுதான். கட்டி கீழ்ப்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது, மேல்பகுதியை விட்டுவைக்கலாம். மருத்துவர்கள் பல வருஷம் அடித்துக்கொண்டது இதற்காக அல்ல. இரைப்பையோடு சேர்த்து, நோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களில் எவற்றை எடுப்பது என்பதற்காக.

டி1 என்றால் இரைப்பையை ஒட்டிய கணுக்களோடு நிறுத்திக்கொள்வது. டி2 என்றால் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும் ரத்தக்குழாய்களின் ஓரத்தில் இருப்பவற்றையும் சேர்த்து எடுப்பது. ஜப்பானில் டி2 எப்போதோ வழக்கமாகிவிட்டது. ஐரோப்பியர்களுக்கு அதில் சந்தேகம். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நெதர்லாந்தில் 1989-ல் இறங்கினார்கள். 80 மருத்துவமனைகள், 711 நோயாளிகள். டி2 சொல்லிக்கொடுக்க ஜப்பானிலிருந்து அறுவை மருத்துவர் மிட்சுரு சசாகோ வந்தார்.

முதலில் வந்த முடிவில் டி2-க்குப் பலத்த அடி. அறுவையைத் தொடர்ந்து இறந்தவர்கள் டி1-ல் 4 சதவீதம், டி2-ல் 10. சிக்கல்கள் 25-க்கு 43. இவ்வளவு பட்டும் ஐந்து வருஷம் பிழைத்தவர்கள் 45-க்கு 47 சதவீதம்தான். இதற்கு எதற்கு அவ்வளவு பெரிய அறுவை என்று தோன்றத்தானே செய்யும்?

ஆனால் அவர்கள் கணக்கை மூடவில்லை. 15 வருஷம் கழித்துப் பார்த்தபோது, இரைப்பைப் புற்றுநோயாலேயே இறந்தவர்கள் டி1-ல் 48 சதவீதம், டி2-ல் 37. அதாவது டி2 நோயை நன்றாகவே மடக்கியிருக்கிறது. அறுவையின் ஆபத்துதான் அந்த லாபத்தைத் தின்றிருக்கிறது. அப்போது டி2 செய்யும்போது பலருக்கு மண்ணீரலையும் கணையத்தின் வால்பகுதியையும் சேர்த்தே எடுத்தார்கள். சிக்கல் பெருகியதில் அதற்குப் பெரிய பங்கு. பின்னாளில் ஜப்பானிலேயே, மேல்பகுதிக் கட்டி உள்ள 505 பேரிடம் சோதித்ததில், மண்ணீரலை எடுத்தவர்களில் ஐந்து வருஷம் பிழைத்தவர்கள் 75.1 சதவீதம், விட்டுவைத்தவர்களில் 76.4.

டி2-ஐயும் தாண்டி, மகாதமனி ஓரத்துக் கணுக்கள்வரை போனால்? அதையும் ஜப்பானியர்கள் 523 பேரிடம் பார்த்துவிட்டார்கள்: ஐந்து வருஷம் பிழைத்தவர்கள் டி2-ல் 69.2 சதவீதம், அதைத் தாண்டிப் போனதில் 70.3. வீண் வேலை.

என்னைக் கேட்டால், உடம்பு தாங்கும் என்றால் டி2, மண்ணீரலும் கணையமும் அவசியமில்லாமல் போகக்கூடாது, அதுவும் இதை அடிக்கடி செய்கிற கைகளில். ஆரம்பநிலைக் கட்டி, தளர்ந்த முதியவர் என்றால் டி1-ஐக் குறைசொல்ல மாட்டேன். நோய் சற்று முற்றியிருந்தால் அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுப்பதும் ஆயுளைக் கூட்டும். அது தனிக் கதை.

அப்புறம், அறுவைக்குப் பின் வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் மொத்தம் எத்தனை கணுக்களைப் பார்த்தார்கள் என்று கவனியுங்கள். குறைந்தது 16 இருக்க வேண்டும். ஏழே ஏழைப் பார்த்துவிட்டு எதிலும் நோய் இல்லை என்று எழுதியிருந்தால், பரவவில்லை என்று அதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது.