செடி வரைய ஒரு ரெனால்ட்ஸ் 045

செடி கொடி வரைந்து பழக எந்தப் பேனா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ரெனால்ட்ஸ் 045 ஃபைன் கார்ப்யூர். ஆமாம், அதே வெள்ளை உடம்பு, நீல மூடி. மளிகைக் கடையில்கூடக் கிடைக்கிற பேனாவுக்கு விமர்சனமா என்று சிரிக்கலாம். நான் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் எடுப்பவள். என் வேலையில் பாதி, பிள்ளைகள் வரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

ரெக்கார்டு நோட்டில் பென்சில்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் பென்சிலோடு ரப்பரும் வந்துவிடுகிறது. ஒரு காம்பைப் போடச் சொன்னால் துண்டு துண்டாக, முடி முடியாகப் பத்துக் கோடு இழுத்து, அழித்து, மறுபடி இழுக்கிறார்கள். கோடு நடுங்குவதற்குப் பெரும்பாலும் கை காரணமில்லை. எங்கே போய் முடியப்போகிறோம் என்று தெரியாமல் கோடு கிளம்பிவிடுகிறது. அதனால் பழகுவதற்குப் பேனாவைக் கொடுத்தால், “மிஸ், தப்பாப் போட்டா அழிக்க முடியாதே” என்பார்கள். அழிக்காதே, பக்கத்திலேயே சரியானதைப் போடு என்பேன். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு புள்ளி. தாளைத் தொடாமல் இரண்டு மூன்று முறை காற்றில் ஓட்டம். அப்புறம் தோளிலிருந்து கையை அசைத்து ஒரே இழுப்பு.

இதற்கு ஏன் குறிப்பாக இந்தப் பேனா என்றால், பால்பாயின்ட்டில் அழுத்தம் பேசும். லேசாகத் தடவினால் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குக் கோடு விழும், அழுத்தினால் கருக்கும். ஜெல் பேனாவில் இது நடக்காது. சகுரா பிக்மா மைக்ரான் என்ற வரைபேனாவும் என்னிடம் உண்டு. 01 எண் முனை 0.25 மி.மீ. கோடு போடும், நிறமி மை, நீர் பட்டாலும் ஓடாது. முடித்த படத்துக்கு அருமை. ஆனால் அது முதல் கோட்டையே கடைசிக் கோடு மாதிரி கருப்பாகப் போடும். உருவத்தைப் பிடிக்க முதலில் போடும் கட்டமைப்புக் கோட்டுக்கு மங்கல் வேண்டும்.

செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இதழ் விளிம்பின் சுருக்கத்தில் ஆரம்பிப்பார்கள், அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். முதலில் காம்பிலிருந்து, பூவின் நடுவே நீண்டு நிற்கும் மகரந்தக் குழலின் நுனிவரை ஒரு மங்கலான அச்சு. அது பூவுக்கு உள்ளே மறைந்து போகிற இடத்திலும் நிறுத்தாமல் ஓடவேண்டும். அதன்மேல் ஒரு புனல், புனலின் வாயாக நீள்வட்டம், வட்டத்தில் ஐந்து பிரிவு. நம்மை நோக்கி வரும் இதழ் குட்டையாகத் தெரியும், பக்கவாட்டு இதழ் நீளமாக. செம்பருத்தியில் இருப்பது திருகு இதழமைவு: ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் அடுத்ததன் மேலே, மறுபக்கம் இன்னொன்றின் அடியில். ஒரே சுற்றாகப் போகும். எது மேலே என்று முடிவு செய்தபிறகுதான் அழுத்தி இழுக்கவேண்டும். விளிம்பின் சுருக்கம் கடைசி. குழலின் நுனியில் ஐந்து சூல்முடிகள், ஐந்து புள்ளி, முடிந்தது. மங்கல் கோடுகள் அடியில் அப்படியே கிடக்கட்டும், அழகாகத்தான் இருக்கும்.

இலைக்கு நடுநரம்புதான் அச்சு. மடங்கிய இலையிலும் நடுநரம்பை மறைவிடத்தினூடாக இழுத்துவிட்டு, பிறகு இரு விளிம்பு. பல் பல்லான விளிம்பை முதலில் வழவழப்பாகப் போட்டு, அதன்மேல் பல்லை ஏற்றலாம். தண்டில் இலை எங்கே வரும் என்பதை ஊகிக்கக் கூடாது. செம்பருத்தியில் மாறி மாறி, நித்தியகல்யாணியில் எதிரெதிராக, அரளியில் பெரும்பாலும் மூன்று மூன்றாக. தண்டில் முதலில் கணுக்களை, அதாவது இலை கிளம்பும் இடங்களை, குறித்துக்கொண்டால் செடி தானே நிற்கும்.

குறைகளும் சொல்லவேண்டும், அவை பால்பாயின்ட் என்ற சாதிக்கே உரியவை. முனையில் மை திரளும். பக்கத்தில் ஒரு கிழிந்த தாளை வைத்துத் துடைத்துக்கொண்டே போகவேண்டும். இல்லையென்றால் சரியாக இதழின் மடிப்பில் ஒரு பொட்டு விழும். வெயில் படுகிற சுவரில் மாட்டினால் நாளடைவில் வெளிறும். வாட்டர்கலர் பூச நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது, மைக்ரானுக்கே போங்கள்.

தாள் விஷயத்தில் நிம்மதி. சாதாரண ஜெராக்ஸ் தாளே போதும், மை பின்பக்கம் ஊறாது. நல்ல ஸ்கெட்ச் புக் வாங்கினால் முதல் பக்கத்தைத் தொடவே பயப்படுவோம். பயிற்சிக்கு அது ஆகாது.

2023-ல் இந்தப் பேனாவின் தயாரிப்பு நிற்கப்போகிறது என்று ஒரு வதந்தி சுற்றியது. நிறுவனமே மறுத்துவிட்டது, டஜன் கணக்கில் பதுக்க வேண்டியதில்லை. மொபைலில் படம் எடுத்து அனுப்புவதென்றால் நீலத்தைவிடக் கருப்பு தெளிவாக வரும். கடையில் வெறுமனே பேனா என்று கேட்டால் ஜெல்லைத்தான் எடுத்து நீட்டுவார்கள். 045 என்று நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.