மான்டெகிறிஸ்டோவா, பார்த்தகாஸா?

ஹவானாவில் ஒரே ஒரு பெட்டி சுருட்டுதான் வாங்கலாம் என்றால், பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு கியூபச் சுருட்டு பிராண்டுகளில் வந்து நிற்கும். மான்டெகிறிஸ்டோ நம்பர் 4 ஒல்லியானது, 129 மி.மீ. நீளம், 42 ரிங் (சுருட்டின் தடிமனைச் சொல்லும் அளவு; ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு). காரம் மிதம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 1845-இல் தொடங்கிய பார்த்தகாஸின் சீரி டி நம்பர் 4 நீளத்தில் 124 மி.மீ.தான். ஆனால் தடிமன் 50 ரிங், அதாவது விட்டம் ஏறக்குறைய 20 மி.மீ. மண்வாசனையும் மிளகுக் காரமும் தூக்கலாக இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நேரம் ஒதுக்கிப் பற்றவைக்க வேண்டிய சுருட்டு. வெறும் வயிற்றில் தலை சுற்றும். ஊர் சுற்றும்போது அவ்வளவு நிதானம் கிடைப்பது அரிது. அதனால் என் கை மான்டெகிறிஸ்டோவுக்கே போகும்.

எதுவானாலும் தெருவில் நீட்டுபவரிடம் வாங்காதீர்கள், போலியாக இருக்கலாம். லா காசா டெல் ஹபானோ என்ற அதிகாரபூர்வச் சுருட்டுக் கடையில் வாங்கி, அசல் என்பதற்கான பச்சை முத்திரையையும், பெட்டியின் அடியில் உள்ள, சுருட்டை அடைத்த மாதம், ஆண்டையும் பாருங்கள்.