எங்கள் ஊர் சாமியார் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

மே கடைசியில் என் தையல் கடைக்கு யூனிபார்ம் அளவு கொடுக்க வரும் பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஆர்.சி.யில போட்டிருக்கியாமே, எப்படிக்கா இருக்கு?" ஆர்.சி. என்றால் எங்கள் ஊர் கத்தோலிக்கக் கோயில் நடத்தும் பள்ளி, சாமியார் என்பது அந்தக் கோயில் பாதிரியார். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஊர், அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு சைக்கிளில் போய்விடலாம். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் நானும் என் அண்ணன்களும் இங்கேதான் ஐந்தாவது வரை படித்தோம். பள்ளியின் முழுப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை, சாமியார் பள்ளிக்கூடம் என்றால்தான் தெரியும். கீழே குறையும் எழுதப்போகிறேன் என்பதால் நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

மூத்தவனை வேன் வந்து ஏற்றிப்போகும் இங்கிலீஷ் மீடியத்தில்தான் போட்டோம். மூன்றாவது படிக்கும்போது ஒருநாள் மளிகைச் சீட்டைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். 'துவரம்பருப்பு' என்பதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. சின்னவளை எங்கே சேர்ப்பது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இப்போது அவள் நான்காவது. சீட்டு என்ன, பேருந்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் வரைக்கும் விடாமல் வாசிக்கிறாள். இந்தப் பள்ளியின் பலம் இதுதான் என்பேன். பெரிய டீச்சர் எழுத்து சொல்லிக்கொடுக்கும் விதமே தனி. ஒருநாள் என் மகள், "எ-வுக்குக் கால் இல்லை, ஏ-வுக்கு மட்டும் எதுக்கு டீச்சர் கால்?" என்று கேட்டிருக்கிறாள். பேசாமல் எழுது என்று சொல்லாமல் டீச்சர் கதையே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் குறில் எ-வுக்கு மேலே புள்ளி வைப்பார்களாம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுகிறவர்கள் விட்டுவிட, எது குறில் எது நெடில் என்று வாசிப்பவருக்குக் குழப்பம். 1711-ல் இத்தாலியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்துக் குழப்பத்தைத் தீர்த்தாராம். அவர் வருடக்கணக்கில் தங்கித் தேம்பாவணி பாடிய ஊர் நம் ஏலாக்குறிச்சி. அந்த ஊர்ப் பெயரே ஏ-வில்தான் ஆரம்பிக்கிறது என்று மகள் வந்து சொன்னபோது, அதே பள்ளியில் படித்த எனக்கு இத்தனை வருடம் இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

செலவு? ஃபீஸ் கிடையாது. புத்தகம், நோட்டு, யூனிபார்ம் எல்லாம் இலவசம். கோயில் நடத்தும் பள்ளிக்கு அரசாங்கம் எதற்குச் சம்பளம் கொடுக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். தனியார் நடத்தும் பள்ளிக்கு மானியம் தரலாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1854-ல், சார்லஸ் உட் அறிக்கையில் சொல்லிவிட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் அரசு உதவிபெறும் பள்ளி. டீச்சர் சம்பளம் அரசாங்கத்துடையது, ஓடு மாற்றுவது கோயிலுடையது.

காலைச் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நடுவில் கொஞ்சம் வயிற்றெரிச்சல். 2023 ஆகஸ்டில் அரசுப் பள்ளி எல்லாவற்றுக்கும் காலை உணவு வந்துவிட்டது, உதவிபெறும் பள்ளிக்கு வரவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் யூனியன் பள்ளியில் பொங்கல் சாப்பிட, எங்கள் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பிரேயரில் நின்றார்கள். இதற்காகவே இரண்டு குடும்பம் டி.சி. வாங்கிப் போனது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று, கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் திட்டம் வந்தது. தொடங்கி வைத்ததும் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் இதே மாதிரி ஒரு பள்ளியில், புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான்.

மதம் மாற்றிவிடுவார்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களுக்கு: ஐந்து வருடம் படித்த நான் இன்றைக்கும் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறேன். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு, அவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அப்போதும் சரி, இப்போதும் சரி, உட்கார வைப்பது உயர வரிசைப்படி. எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்ற பேச்சே கிடையாது. கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் முறை வைத்து, ஆண் பிள்ளைகளும் சேர்த்து. எங்கள் ஊர்த் தெருக்களைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளின் வீட்டுக்கு என் அம்மா ஒரு நாளும் போனதில்லை. நான் போனேன், சாப்பிட்டேன், அம்மாவிடம் திட்டும் வாங்கினேன்.

சரி, குறைகள். ஐந்து வகுப்புக்கு இரண்டே டீச்சர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு மொத்தப் பிள்ளைகளும் ஒரே ஹாலில், படிப்பு பாதிதான். இங்கிலீஷ் சுமார். வாசிப்பார்கள், பேச வராது. அதற்கு நான் சாயங்காலம் தனியாக ஒரு பெண்ணிடம் அனுப்புகிறேன். கழிப்பறையில் தண்ணீர் நாளுக்கு ஒரு மாதிரி. தாளாளர் பங்குச் சாமியார்தான் என்பதால் அவருக்கு மாற்றல் வந்தால் விதியும் மாறும். போன வருடம் ஓடு மாற்ற வீட்டுக்கு ஐநூறு ரூபாய் கேட்டார்கள். கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டது போலப் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வருகிறது. இங்கே படித்தால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடுமா? போகாது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். இது ஐந்தாவதோடு முடிகிற பள்ளி.

என்னைக் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. இன்னொரு டீச்சர் வந்தால் நாலரை.

சேர்க்கப் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் எடுத்துக்கொண்டு பிரேயர் முடிந்ததும் போய்விடுங்கள், சிஸ்டர் அப்போதுதான் உட்கார்ந்து பேசுவார். மழை பெய்த மறுநாள் என்றால் பின்வாசல் வழியாகப் போங்கள். முன்வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.