எம்ஜிபி முன்சக்கர பேரிங்: ஸ்பேசரோடா, ஸ்பேசர் இல்லாமலா?

என் 1972 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கர ஹப்புகளைக் கழற்றியபோது, இடப்பக்கம் ஸ்பேசரையே, அதாவது இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நிற்கும் குழாயையே, காணோம். முன்பு யாரோ பேரிங் மாற்றும்போது அதை எடுத்துவிட்டு, நட்டை லேசாக முடுக்கி, அது கழலாமலிருக்க ஸ்பிளிட் பின் போட்டிருக்கிறார்கள். வலப்பக்கம் ஸ்பேசரும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்களான ஷிம்களும் அப்படியே இருந்தன. எந்த முறைக்கு இரண்டையும் கொண்டுவருவது?

ஸ்பேசர் இல்லாத முறை எளிது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சற்றுத் தளர்த்தி, ஸ்பிளிட் பின் துளைக்கு நேராக நிறுத்தினால் போதும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது.

இருந்தும் நான் ஸ்பேசரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஸ்டப் ஆக்சில், அதாவது சக்கரம் சுழலும் குட்டைத் தண்டு. எம்ஜிபியில் இரண்டு பேரிங்குகளின் உள்வளையங்களுக்கு நடுவே அந்தக் குழாய் நிற்கிறது. நட்டை 40 முதல் 70 பவுண்டு-அடி வரை இறுக்கும்போது வளையம், குழாய், ஷிம் எல்லாம் சேர்ந்து நெருங்கி, தண்டுக்குத் தடித்த உறை மாட்டியது போலாகிவிடும். வேகமாகத் திரும்பும்போது வரும் பக்கவாட்டுச் சுமையை மெல்லிய தண்டு தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. குழாய் இல்லாவிட்டால் அவ்வளவு இறுக்கவே முடியாது, பேரிங் பிடித்துக்கொள்ளும். தண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் துளி வளைந்து நிமிரும்; உள்வளையமும் அதன்மேல் மெல்ல நகர்ந்து தேய்க்கும். என் இடப்பக்கத் தண்டில் அந்தத் தடம் தெளிவாகவே தெரிந்தது. தண்டு முறிந்தால் சக்கரமே போய்விடும். எனக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதற்குப் பொறுமை வேண்டும், உண்மைதான். முதல் சக்கரத்துக்கே அரை நாள் ஆனது. முதலில் ஷிம்களைத் தாராளமாகப் போட்டு, நட்டை முழுசாக இறுக்கி, டயல் கேஜில் ஆட்டத்தை அளந்தேன்: 0.013 அங்குலம். வேண்டியது 0.002 முதல் 0.004 வரை. 0.010 ஷிம் ஒன்றை எடுத்ததும் 0.003-இல் வந்து நின்றது. அப்புறம்தான் கிரீஸும் சீலும். நட்டை இறுக்கும் டார்க் அளவு 40 முதல் 70 வரை என்று அகலமாக இருப்பது ஸ்பிளிட் பின் துளையை நேராக்கத்தான். அதற்காக நட்டைத் தளர்த்த வேண்டியதில்லை.

நான் வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுகிறவன், பந்தயத் தடத்தில் ஓட்டியதில்லை. மெதுவாக ஓட்டுகிறவருக்கு ஸ்பேசர் இல்லாமலும் பல வருடம் ஓடலாம்.

ஸ்பேசரோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பக்க ஷிம் கணக்கு மறுபக்கத்துக்குப் பொருந்தாது. புது பேரிங் போட்டால் அதே சக்கரத்துக்கும் மறுபடி அளக்க வேண்டும்.