கழற்றி மாட்டும் வட்ட ஊசி செட்: மூன்று வருஷம் கழித்து, கொஞ்சம் கோபத்தோடு

கோத்தகிரியில் இருக்கும் நாத்தனார் நேற்றுப் போன் செய்து, "அண்ணி, நீங்க வச்சிருக்கிற அந்த ஸ்வெட்டர் பின்னுற ஊசி செட்டு விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. பத்து நிமிஷம் முன்னால்தான் ஊசி தனியாக, கேபிள் தனியாகக் கழன்று, மகளுடைய ஸ்வெட்டர் கையின் 48 கண்ணியில் (ஊசியில் நிற்கிற நூல் வளையங்கள்) பாதி என் மடியில் அவிழ்ந்து கிடந்தது. "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

செட்டில் குட்டை ஊசி நுனிகளும், இரண்டு நுனிகளை இணைக்கிற வளையும் கேபிள்களும் இருக்கும், மற்றதை விடுங்கள். என் சண்டையெல்லாம் அந்தத் திருகோடு மட்டும்தான். ஊசி நுனியைக் கேபிளில் திருகி, கேபிள் முனையில் இருக்கிற குட்டித் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு நெம்பி இறுக்க வேண்டும். போனில் சிம் எடுக்கிற பின் மாதிரி ஒரு கம்பி. (அது முதல் மாதமே தொலைந்துவிட்டது. புடவை ஊக்குதான் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறது.) உடம்புப் பகுதி பின்னும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. கைக்கு வந்தால்தான் வினை. சுற்றளவு சின்னது என்பதால் கேபிளை நடுவில் மடக்கி வெளியே இழுத்துவிட்டுப் பாதிப் பாதியாகப் பின்ன வேண்டும். சுற்றுக்கு இரண்டு இழுப்பு, நாலு வயசுப் பிள்ளையின் கைக்கு சுமார் 70 சுற்று, ஆக ஒரு கை முடிவதற்குள் 140 இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் கேபிள் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், திருகு மயிரிழை அளவு தளரும், கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சந்தில் நூல் சிக்கும்போதுதான் தெரியும், அப்போது பலம் போட்டு இழுத்தோமோ, முடிந்தது கதை.

எனக்குப் பிறந்த ஊர் திருப்பூர், வாக்கப்பட்டது குன்னூர். காதர்பேட்டைக்குப் போனால் பிள்ளைத் துணி அள்ளிக்கொண்டு வரலாம், அந்த ஊர்க்காரி கையால் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று இங்கே எல்லோருக்கும் சிரிப்பு. அப்பா நிட்டிங் கம்பெனியில் இருந்தவர். முதல்முறை இந்த ஊசியைப் பார்த்துவிட்டு, "இது நம்ம மிஷின்தானே கண்ணு" என்றார். உண்மைதான். பனியன் துணியும் சுற்றிச் சுற்றிக் குழாயாகத்தான் இறங்கும், பனியனை உற்றுப் பார்த்தால் என் ஸ்வெட்டரில் இருக்கிற அதே கண்ணிதான், பொடியாக இருக்கும், அவ்வளவுதான். ஊசி கழன்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்த ஒரு நாள் மட்டும், "எங்க மிஷின்ல ஒரு ஊசி போச்சுன்னா துணியில ஒரு கோடுதான் விழும், உனக்கு அத்தனையும் போகுதே" என்றார். இன்னும் மறக்கவில்லை.

நூலையும் கொஞ்சம் குற்றம் சொல்ல வேண்டும். கடைக்காரர் சுத்தக் கம்பளி என்று சத்தியம் செய்து கொடுத்தார், வீட்டுக்கு வந்து நுனியைக் கொளுத்தினால் முடி பொசுங்கும் வாசமே இல்லை, உருகிக் கடினமான மணியாக உறைந்துவிட்டது. அக்ரிலிக். கம்பளியாக இருந்தால் விழுந்த கண்ணி கொஞ்சம் பற்றிக்கொண்டு நிற்கும், இது வழுக்கிக்கொண்டு நாலு வரிசை கீழே ஓடிவிடுகிறது. ஆனால் குன்னூர் மழைக்காலத்தில் சீக்கிரம் காய்வதும் அதுதான், அதனால் வாயைத் திறக்க வழியில்லை.

அளவு விஷயம் ஒன்று, வாங்குகிறவர்கள் கவனிக்க. அத்தையின் பழைய அலுமினிய ஊசியில் 8-ஆம் நம்பர் என்றால் 4 மி.மீ. இந்த செட்டில் இருப்பது அமெரிக்க நம்பர், அதில் 8 என்றால் 5 மி.மீ. எனக்குத் தெரியாமல் பின்னிய முதல் ஸ்வெட்டருக்குள் அப்போது ரெண்டு வயசாக இருந்த மகள் இரண்டு தடவை நுழைந்திருக்கலாம். நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

இவ்வளவு திட்டியும் அத்தையின் நீள ஊசிக்கு நான் திரும்பவில்லை. கழுத்திலிருந்து கீழே இறக்கிப் பின்னும்போது, பாதியில் ஊசி நுனிகளைக் கழற்றிவிட்டுக் கேபிள் முனைகளில் மூடியைப் போட்டு, அரைகுறை ஸ்வெட்டரை அப்படியே பிள்ளைக்கு மாட்டிப் பார்க்கலாம். அவள் கையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பைச் சுற்றிக் கேபிள் தொங்க, "அம்மா, வாலு!" என்று வீடெல்லாம் ஓடுவாள். நீள ஊசியில் இது நடக்காது. அதுவும் இந்தப் பாழாய்ப்போன திருகு இருப்பதால்தான் நடக்கிறது.

ஸ்கூலுக்கு யூனிஃபார்ம் ஸ்வெட்டர், அது மிஷின் சமாச்சாரம். நான் பின்னுவது வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும். போன வருஷ நீல ஸ்வெட்டரின் கை இந்த வருஷம் குட்டை. மணிக்கட்டு பார்டரைப் பிரித்துக் கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றி இரண்டு அங்குலம் கூட்டினேன். ஒரே தடவையில் சாயம் போட்ட அதே லாட் நூல் கிடைக்கவில்லை, வாங்கியது ஒரு சாயல் அடர்த்தி, கையில் பட்டை மாதிரி தெரிகிறது. வீட்டுக்காரர் குறை என்றார். மகள் அதைத் தொட்டுக் காட்டி, "இவ்ளோ வளந்துட்டேன்" என்று பால்காரரிடம் பெருமையடிக்கிறாள். அடுத்த வருஷமும் வேறு சாயலிலேயே வாங்கச் சொல்லி இப்போதே உத்தரவு.

நாத்தனாருக்குப் பதில்: வாங்காதே. ஐந்துக்கு இரண்டு ஸ்டார். போன வாரம் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன், நீ நேற்றுக் கேட்டாய். பிள்ளைக்குக் கை மட்டும் பின்ன, திருகே இல்லாமல் கேபிளோடு ஒட்டி வருகிற ஊசி ஒன்று 4 மி.மீ.யில் வாங்கிக்கொள், போதும். எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கு.

அவிழ்ந்த அந்த 24 கண்ணியில் 21 மீட்டுவிட்டேன். மூன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கரண்ட் வேறு போய்விட்டது.