பேய்ப்படத்துக்கு எந்த இடம்: பாழடைந்த கட்டடமா, ஆள் குடியிருக்கும் வீடா?

பேய்ப்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர் குழு முதலில் தேடுவது பாழடைந்த கட்டடத்தைத்தான். நாங்களும் அதைத்தான் தேடினோம். கல்லூரிக் கட்டடம், காடு என்றும் யோசித்தோம். கடைசியில் படம் எடுத்தது ஆள் குடியிருக்கும் ஒரு சாதாரண வீட்டில். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பாழடைந்த கட்டடத்தின் கவர்ச்சியை விளக்கவே தேவையில்லை. உரிந்த சுண்ணாம்பு, உடைந்த ஜன்னல், தூசி படிந்த தரை என்று கலை இயக்குநரின் வேலையைக் காலமே செய்து வைத்திருக்கும். உரிமையாளரின் அனுமதி, இற்றுப்போன படிக்கட்டு, புறா எச்சம், பழைய கூரைத் தகட்டில் இருக்கக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் போன்ற தொல்லைகளும் எல்லோருக்கும் தெரிந்தவையே. இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். சமாளிக்க முடியாதது ஒலி.

திகில் படத்தில் பாதி வேலை காதுக்கு. அடக்கிய மூச்சும் தாழ்ப்பாள் மெல்ல நகரும் சத்தமும் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் சுற்றிலும் நிசப்தம் வேண்டும். காலியான கான்கிரீட் அறையில் அது நிறைய இருப்பதுபோலத் தோன்றும். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். வெறும் சுவரும் தரையும் கூரையும் அந்த ஓசையை மாறி மாறித் திருப்பி அனுப்பும். நடிகர் முணுமுணுக்கும் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலப் பதிவாகும். சுத்தமாகப் பதிவான குரலுக்கு எடிட்டிங்கில் எதிரொலி சேர்ப்பது நொடி வேலை. பதிவிலேயே கலந்துவிட்ட எதிரொலியை முழுதாகப் பிரித்தெடுக்க வழியில்லை. மென்பொருளால் ஓரளவு குறைக்கலாம். அளவு மீறினால் குரலின் உயிரும் சேர்ந்து போய்விடும்.

மின்சாரமும் அங்கே ஒலிப்பிரச்சினையாகத்தான் வந்து நிற்கிறது. இணைப்பு இல்லாத கட்டடத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும். எவ்வளவு தள்ளி வைத்தாலும், சுவர்கள் கீச்சொலியைத் தடுக்கும் அளவுக்கு உறுமலைத் தடுப்பதில்லை. பேட்டரி விளக்குகள் சத்தம் போடாது. ஆனால் சார்ஜ் தீரும்போது எல்லோரும் வீடு திரும்ப வேண்டியதுதான்.

வீட்டில் சோபா, மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி எல்லாம் கேட்காமலே ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன. கிசுகிசுக்கும் காட்சியை எடுக்கும்போது அலமாரிக் கதவைத் திறந்து வைத்தோம், சட்டகத்துக்கு வெளியே இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டோம். வேறு ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. குளிர்சாதனப் பெட்டியை அணைத்த பிறகுதான் அந்த வீடு அதுவரை எவ்வளவு இரைந்துகொண்டிருந்தது என்பதே தெரிந்தது. அணைத்ததும் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறந்து கிளம்ப முடியாது. ஒவ்வோர் அறையிலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்துகொள்வதும் அவசியம். வசனங்களுக்கு இடையிலான வெட்டுகளை மூட அதுதான் உதவும்.

இன்னொரு வசதி, இரவுக் காட்சியைப் பகலிலேயே எடுக்கலாம். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினால் போதும். யாரும் கண்விழிக்க வேண்டாம். 2007-இல் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்ட 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை ஓரென் பெலி தன் சொந்த வீட்டில்தான் எடுத்தார். பளிச்சென்ற சாதாரண படுக்கையறையே பயமுறுத்தப் போதுமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வீட்டுக்கும் குறைகள் உண்டு. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை நாலாபக்கமும் தெறிக்கவிட்டு இருட்டைக் கெடுக்கும். நடிகரைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி பிடிக்க வேண்டும். அறை சிறியதென்றால் கேமராவை வாசலுக்கு வெளியே வைத்துத்தான் முழு உருவத்தையும் எடுக்க முடியும். போலி ரத்தம் சுண்ணாம்பில் பட்டால் கறை போகாது. அலறல் காட்சிக்கு முன் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வைக்காவிட்டால் போலீஸ் வந்து நிற்கும்.

கல்லூரித் தாழ்வாரம் எளிதில் கிடைக்கும். அதனாலேயே எல்லோருடைய படத்திலும் அதே தாழ்வாரம் வருகிறது. குழல்விளக்குகளின் ரீங்காரம் வேறு.

காட்டில் நான் பகலில் மட்டுமே படமெடுத்திருக்கிறேன்; இரவைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒலிப்பதிவு செய்யும் நண்பர்கள் புலம்புவது பூச்சிகளைப் பற்றி. ஒவ்வொரு ஷாட்டிலும் அவற்றின் ரீங்காரம் வேறு அளவில் இருக்கும். வெட்டும் இடமெல்லாம் அது துள்ளும். தனியாக நீளமாகப் பதிவு செய்து அடியில் ஓடவிட வேண்டுமாம். வெளிச்சமும் சிக்கல்தான்: விளக்கு எட்டாத மரங்கள் வெறும் கறுப்பாகிவிடும். 1999-இல் வந்த 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' இதைக் கதையாலேயே தீர்த்தது. பாத்திரங்களே கேமராவும் விளக்கும் சுமந்து திரிவதால், அரைகுறை வெளிச்சத்துக்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கதையும் அப்படியென்றால் காடு நல்ல தேர்வு.

வசனமே இல்லாத கதைக்குப் பாழடைந்த கட்டடத்தையும் மறுக்க மாட்டேன். எங்கள் படத்திலேயே ஒன்றின் வெளித்தோற்றம் வருகிறது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, மாலை வெளிச்சத்தில் ஒலியில்லாமல் எடுத்துக்கொண்டோம். பாத்திரம் கதவைத் தள்ளியதும் தெரிவது வேறு வீட்டின் உள்பக்கம். இப்படி ஒட்டுவதானால் கதவின் நிறத்தோடு, கீல் எந்தப் பக்கம் இருக்கிறது, கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்பதையும் முதலிலேயே புகைப்படம் எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.