வரி முடிவை மாற்ற எந்தக் கருவி? டிஆர், செட், டாஸ்-டு-யூனிக்ஸ், நோட்பேட் பிளஸ் பிளஸ்

மார்த்தாண்டத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். களியக்காவிளைக்கு அந்தப்பக்கம், கேரளத்தில் சம்பந்தம் செய்த வீடுகளில் இருந்து கல்யாண வேலை வந்தால், பெயர்ப்பட்டியல் தமிழிலும் மலையாளத்திலும் கலந்து வரும். அவர்கள் அடிப்பது விண்டோஸில், என் கடையில் ஓடுவது லினக்ஸ். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் 13, 10 என்ற எண்கள் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் வைக்கும். டெலிபிரிண்டர் காலத்துப் பழக்கம் இது: 13 வந்தால் அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்பும், 10 வந்தால் தாள் ஒரு வரி நகரும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். பழைய மேக்கில், ஓஎஸ் 9 வரை, 13 மட்டும். ஆக, செய்ய வேண்டியது அந்த 13-ஐ எடுப்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

டிஆர் என்ற லினக்ஸ் கட்டளை கோப்பில் எங்கே 13-ஐப் பார்த்தாலும் தூக்கி எறியும். நிறுவ வேண்டாம், வேகம், ஒரே வரி. நானும் வருஷக்கணக்கில் இதைத்தான் நம்பினேன். ஒரு நாள் மாதிரித் தாளைப் பார்த்த வாடிக்கையாளர் கேட்டார்: "அண்ணே, பெரியப்பா பேரு சீனத்துலயா கிடக்கு?"

கோப்பு யூடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறையில் இருந்திருக்கிறது. பழைய நோட்பேடில் 'யூனிகோட்' என்று சேமித்தால் அதுதான் கிடைக்கும். அதில் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட். தமிழ் எழுத்து என்றால் இரண்டாவது பைட் 11; மலையாளம் என்றால் 13! டிஆருக்கு அது வரி முடிவா, மலையாளமா என்று தெரியாது. மலையாளப் பெயர்களில் ஒவ்வோர் எழுத்திலும் பாதியைத் தின்றுவிட்டது. தமிழ் மட்டும் உள்ள கோப்பும் தப்பாது. வரிக்கு ஒரு பைட் குறைவதால் ஜோடி மாறி, ஒரு வரி விட்டு ஒரு வரி சீனமும் கொரியமுமாக நிற்கும். யூடிஎஃப்-8 என்ற இன்னொரு குறியாக்கத்தில் உள்ள கோப்பில் இந்த ஆபத்து கிடையாது. ஆனால் பழைய மேக் கோப்பைக் கொடுத்தால், மொத்தப் பட்டியலும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும்.

செட் என்பதும் ஒரு கட்டளைதான், கொஞ்சம் நிதானமான ஆள். வரியின் கடைசியில் உள்ள 13-ஐ மட்டும் எடுக்கச் சொல்லலாம், பழைய கோப்புக்கு நகலும் வைக்கச் சொல்லலாம். யூடிஎஃப்-16 தமிழ்க் கோப்பில் 13-க்கும் 10-க்கும் நடுவே ஒரு சுழியம் இருப்பதால் அது எதையும் தொடாது. வேலை நடக்காது, நாசமும் இல்லை. மேக்கில் உள்ள செட் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே கட்டளையை அப்படியே அங்கே அடித்தால் முறைக்கும்.

டாஸ்-டு-யூனிக்ஸ் இந்த ஒரு வேலைக்கென்றே எழுதிய நிரல். உபுண்டுவில் தனியாக நிறுவ வேண்டும், அது ஒன்றுதான் குறை என்பேன். கோப்பின் தொடக்கத்தில் உள்ள அடையாளக் குறியைப் பார்த்து யூடிஎஃப்-16 என்று கண்டுகொண்டு, யூடிஎஃப்-8 ஆக மாற்றியே தரும். படமோ வேறு பைனரி கோப்போ குறுக்கே வந்தால் தொடாமல் தாண்டிப் போகும். பழைய மேக் கோப்புக்கு மேக்-டு-யூனிக்ஸ் கூடவே வருகிறது. ஒரு எச்சரிக்கை: சும்மா ஓட்டினால் மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். புதுப் பெயரில் எழுதச் சொல்லும் வசதி இருக்கிறது, நான் அதைத்தான் போடுவேன்.

நோட்பேட் பிளஸ் பிளஸ் விண்டோஸ்காரர்களுக்கு. எடிட் மெனுவில் வரி முடிவை மாற்றும் இடம் இருக்கிறது. கீழ்ப்பட்டையில் கோப்பு எந்த வகை, எந்தக் குறியாக்கம் என்று கண்ணுக்குத் தெரியும். ஒன்றிரண்டு கோப்புக்கு இதைவிட நிம்மதியானது இல்லை. நாற்பது கோப்பு என்றால் கை வலிக்கும்.

என் கடையில் இப்போது முதலில் கோப்பு எந்த வகை என்று சொல்லும் ஃபைல் கட்டளை, அப்புறம் டாஸ்-டு-யூனிக்ஸ். டிஆரை இந்த வேலைக்குத் தொடுவதில்லை. வேலை முடிந்து திருப்பி அனுப்பும்போது பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். 2018-க்குப் பிறகு விண்டோஸ் நோட்பேடே தனி 10-ஐப் புரிந்துகொள்கிறது. தக்கலையில் ஒருவர் மட்டும் இன்னும் விண்டோஸ் 7-ஐ விடவில்லை. அவருக்கு 13-ஐத் திரும்பச் சேர்க்கும் யூனிக்ஸ்-டு-டாஸ் போட்டு அனுப்புகிறேன், இல்லாவிட்டால் ஊர்ப் பெயரெல்லாம் ஒரே வரியில் ஓடுகிறது என்று போன் வரும்.